என்னைத் தூக்கிக் காட்டுங்க

கஹவத்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். பெல்மதுளையில் ஒரு கடை மாடியில் நடந்த காலேஜில் என் மகள் செல்வி பராமெடிக் பயிற்சியும் ஆங்கிலப் பேச்சும் படித்து, சான்றிதழோடு வந்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட அவள் படம் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

அந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் மலையில் வழுக்கி, பாறையில் முதுகு அடிபட விழுந்தார். கால் அசையவில்லை. செல்வி ஓடிப்போய்க் குனிந்து, "வேர் இஸ் த பெய்ன், சார்?" என்றாள்.

"அப்பனையா சார்ங்குற? தூக்கு புள்ள!" என்று அவர் பல்லைக் கடித்தார்.

அதற்கு மேல் காலேஜில் அவளுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தோட்டத்து வழக்கப்படி அவரைக் கம்பளியில் போட்டு, தொட்டில் மாதிரி வளைத்து, லொறி வரை தூக்கிப் போனோம். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். சரிவு நெடுக அவர் அலறல் எங்களோடு இறங்கியது.

"முதுகில் அடிபட்டவரை வளைக்கலாமா? பலகையில் நேராகக் கிடத்தியிருக்க வேண்டும். நரம்பு தப்பியது அதிர்ஷ்டம்" என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் திட்டினார்.

வீட்டுக்காரர் நடக்கத் தொடங்கியதும் காலேஜுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "பிராக்டிகல் எல்லாம் அடுத்த கோர்ஸ்லதாம்மா" என்று பொறுப்பாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அட்டை மாதிரி இன்னும் காதைக் கடிக்கிறது.

இப்போது புதுக் கோர்ஸ் நோட்டீஸோடு யார் லயத்துக்கு வந்தாலும் வாசலில் மல்லாந்து படுத்துவிடுகிறேன். "முதுகு ஒடஞ்சி கெடக்கேன். தூக்கிக் காட்டுங்க சார், பொறகு புள்ளைங்களப் படிக்க அனுப்புறோம்."

இதுவரை ஒருவரும் குனிந்ததில்லை.