சீசருக்குச் சொன்ன ஜெபமாலை

நாதாங்கியில் பூட்டு விழும் 'டக்' என்ற சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்குப் பிறகு கொஞ்சம் அமைதி இருக்கும், அப்புறம் உள்ளேயிருந்து கதவைப் பிறாண்டும் ஓசை வரும், நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் எங்கள் நாய் சீசர் ஊளையிடத் தொடங்கிவிடும்.

ஏலாக்குறிச்சி மாதா கோயில் மணி காதில் விழுகிற தொலைவில் எங்கள் ஊர். அம்மா பக்கத்து ஊர்ப் பள்ளியில் டீச்சர். அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. காலையில் அப்பா, பிறகு நான், கடைசியாக அம்மா என்று மூவரும் கிளம்பிவிட்டால் வீட்டில் சீசர் மட்டும்தான். பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது, பல்லி விழுந்தால்கூட அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும் செவலை நாய் அது.

அதைக் குறை சொல்லவும் முடியாது. முன்பு அதை வளர்த்தவர்கள் திருப்பூருக்குப் பிழைக்கப் போனபோது வீட்டைப் பூட்டி, கொல்லையில் கட்டியிருந்த நாயை அவிழ்க்காமலே போய்விட்டார்கள். சத்தம் கேட்டு அப்பா சுவரேறிக் குதித்துத் தூக்கி வந்தபோது அது எலும்பும் தோலுமாக இருந்தது. பூட்டுகிற சத்தம் கேட்டால் போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று அது முடிவு செய்துவிட்டது. சாயங்காலந்தோறும் நாங்கள் திரும்பி வந்து காட்டினோம், ஆனாலும் மறுநாள் காலையில் அது நம்பாது.

பக்கத்து வீட்டில் சவரிமுத்துத் தாத்தா ஒரு பக்கம் கை கால் விழுந்து கட்டிலோடு கிடந்தார். மகன் கேரளாவில் வேலையாக இருந்தார், மருமகள் லூர்து அத்தை பகலெல்லாம் வயல் வேலைக்குப் போய்விடுவார். பட்டப்பகலில் நாய் ஊளையிட்டால் அந்தப் பக்கத்தில் சாவு விழும் என்று எங்கள் தெருவில் எல்லாருமே பயந்தார்கள், ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவர்கள் உட்பட. ஒரு சாயங்காலம் லூர்து அத்தை வாசலில் வந்து நின்று அப்பாவிடம் சொன்னார்:

"அண்ணே, மாமா பயந்துபோயி சோறு எறங்காம கெடக்குறாரு. இன்னொரு வாட்டி அது ஊளையிட்டுச்சுன்னா எங்கயாச்சும் கொண்டுபோயி வுட்டுருங்க. ஒங்க வூட்டு நாயிக்காக நான் எங்க வூட்ல எழவ வச்சுக்க முடியாது."

அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். இன்னொரு முறை ஊளை கேட்டால் சாக்கில் போட்டு, திருமானூர் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சொன்னார். கொள்ளிடத்தைத் தாண்டிவிட்ட நாய்க்கு வீட்டுக்கு வழி தெரியாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்றையிலிருந்து வகுப்பில் டீச்சர் எதைச் சொன்னாலும் எனக்கு ஊளைச் சத்தமாகவே கேட்டது. லாரி ஹாரன் அடித்தாலும் உடம்பு தூக்கிப் போட்டது.

நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. கருவாட்டுத் தலையைத் தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில் மறைத்து வைத்துப் பார்த்தோம், இரண்டே நக்கில் அதைத் தின்றுவிட்டுக் கதவுக்கு வந்துவிட்டது. அம்மாவின் பழைய புடவையை விரித்துப் போட்டோம், அதன் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தது. ரேடியோவைப் பாடவிட்டால் செய்தி வாசிப்பவரைப் பார்த்துக் குரைத்தது. கடைசியில் அம்மாதான் பூட்டுச் சத்தம் காதில் விழாமலிருக்க வழி கண்டுபிடித்தார். முன்கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கொல்லைக் கதவு வழியாக வெளியேறி, பூட்டைத் துணியில் சுற்றி அழுத்தி, சாவியைத் துவைக்கிற கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். ஊளை கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்ததே தவிர நிற்கவில்லை. நல்லவேளையாக அன்று லூர்து அத்தை முன்னமே வயலுக்குப் போயிருந்தார், தாத்தாவும் காட்டிக்கொடுக்கவில்லை.

சீசர் பயமே இல்லாமல் படுத்திருக்கும் நேரம் ஒன்று உண்டென்றால் அது சாயங்கால ஜெபமாலை நேரம்தான். அம்மா ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியைச் சொல்ல, அப்பாவும் நானும் மறுபாதியைச் சொல்லுவோம். ஜெபமாலை முடியும்வரை இந்த வீட்டில் யாரும் எழுந்து வெளியே போக மாட்டார்கள் என்பதை அது எப்படியோ புரிந்துவைத்திருந்தது. எங்கள் நடுவில் வந்து படுத்தால் வாசலில் யார் வந்தாலும் குரைக்காது. அம்மாவின் முறைப்புக்குப் பயந்து அது கற்றுக்கொண்ட ஒரே ஒழுக்கம் அதுதான்.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் ஆயா வகுப்பு வாசலில் வந்து நின்று என்னைக் கைகாட்டி அழைத்தார். முகத்தைப் பார்க்காமல் என் பையைத் தோளில் மாட்டிவிட்டார்.

"ஒங்க வூட்ல காலையிலேருந்து வுடாம ஜெபமால சொல்றாங்களாம் பாப்பா. நீ வூட்டுக்குப் போ."

எங்கள் பக்கத்தில் ஜெபமாலை சாயங்காலம் ஒரு முறைதான். பகலில், முடித்த கையோடு மறுபடி தொடங்கி, இடைவிடாமல் சொல்கிறார்கள் என்றால் அந்த வீட்டில் யாரையோ கிடத்தியிருக்கிறார்கள் என்று பொருள். யாரை என்று நான் ஆயாவைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்று பயமாக இருந்தது. சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து, அப்பா நிற்கும் எடைமேடையை நினைத்து, ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் போனேன். வீடு வராமலே இருந்தால் நல்லது என்று தோன்றியது.

தெருவில் நுழைந்தபோது எங்கள் வாசலில் கூட்டம். பெண்கள் தலையில் முக்காடு போட்டிருந்தார்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளைக்கூடக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். தட்டித் தட்டிப் பார்த்தும் கதவைத் திறக்கவில்லை, உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, நாயும் குரைக்கவில்லை, ஜெபம் மட்டும் கேட்கிறது என்று ஒருவருக்கொருவர் கிசுகிசுத்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள். அந்த வழியில் நடந்தபோது வந்ததுபோல் ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கதவில் காதை வைத்தேன். அம்மாவின் குரல் கேட்டது. அடுத்து அப்பாவின் குரல். உயிர் திரும்பி வந்தது. ஆனால் அப்பாவின் குரலோடு சேர்ந்து இன்னொரு குரலும் ஜெபம் சொன்னது, அது என் குரல். வெளியே நிற்கிற நான் உள்ளேயும் இருக்கிறேன் என்றால் செத்துப்போனது நான்தான் என்று அப்படியே நம்பினேன். படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் உள்ளே ஜெபத்தின் நடுவில் அம்மா, "தூங்காம சொல்லுடி" என்றார்.

முந்தைய நாள் சாயங்காலம் எனக்கு விழுந்த அதே திட்டு. எழுந்து கொல்லைப் பக்கம் ஓடி, கல்லுக்கு அடியிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தேன். கூடத்தில் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதன் மேல் தலையை வைத்து சீசர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. தெரிந்தால் நான் சிரித்துக் கெடுத்துவிடுவேன் என்று எனக்குச் சொல்லாமலே பதிவு செய்திருக்கிறார்கள். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் தானாக மறுபக்கத்தை ஓட்டுகிற வகை டேப் ரெக்கார்டர் அது. நாயின் ஊளை சாவைக் கூட்டி வந்துவிடும் என்று பயந்து, சாவு வீட்டுச் சத்தத்தையே தெருவுக்கெல்லாம் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தார் அம்மா.

டேப்பை நிறுத்தினேன். அந்த நிசப்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து சவரிமுத்துத் தாத்தா அலறினார். எல்லாரும் அங்கே ஓடினோம், நாற்று வயலிலிருந்து சேற்றுக் காலோடு லூர்து அத்தையும் வந்து சேர்ந்தார். தாத்தாவின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. சரியாக இருந்த ஒரு கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தார்.

"எனக்குத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்றார், குழறிக் குழறி. "செத்துட்டேன்போலன்னு கெடந்தேன். ஒருத்தரும் உள்ள வரல."

லூர்து அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். என்னோடு வந்திருந்த சீசர் இத்தனை பேரைப் பார்த்து மிரண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. தாத்தா அந்தக் கையைக் கீழே தொங்கவிட்டுத் துழாவினார், அது நக்கியது. அவர் மருமகளைப் பார்த்துச் சொன்னார்:

"இத எங்கயும் கொண்டுபோவ வேணாம். இங்க கட்டு. அதுக்கும் ஆளு வேணும், எனக்கும் ஆளு வேணும்."

அதன்பிறகு சீசர் ஊளையிடவில்லை. எங்களுக்கு முன்பே அது வீட்டை விட்டுக் கிளம்பிவிடும். பூட்டுச் சத்தத்தை அது தாத்தாவின் கட்டிலுக்கடியில் படுத்தபடி கேட்டது, தனக்குச் சம்பந்தமில்லாததைப்போலக் காதை மட்டும் ஒருமுறை ஆட்டியது. தாத்தா அதோடு என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பேசிக்கொண்டே இருந்தார் என்று தெருவுக்கே தெரியும்.

மறுவருஷம் மக்காச்சோளக் கதிர் ஒடிக்கிற நாளில், முற்பகலில், தாத்தா போய்ச் சேர்ந்தார். லூர்து அத்தை வந்து பார்க்கும்வரை சீசர் கட்டிலுக்கடியிலேயே இருந்தது. சாவை முன்கூட்டியே அறிந்து ஊளையிடும் என்று சொல்லப்பட்ட நாய் அன்று வாயைத் திறக்கவில்லை. ராத்திரி முழுக்க நிஜமான ஜெபமாலை நடந்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கு நடுவில் அது நிம்மதியாகத் தூங்கியது.

இப்போது அந்த ஊரில் எங்களுக்கு வீடு இல்லை. சீசர் இல்லை, அம்மாவும் போன வருஷம் போய்விட்டார். அந்தக் கேசட்டைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, ஓட்டிப் பார்க்க டேப் ரெக்கார்டர் தேடி அலைந்து, கடைசியில் கிடைத்த ஒன்றில் போட்டபோது பூஞ்சை பிடித்த நாடாவிலிருந்து 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் வந்தது. "தூங்காம சொல்லுடி" எங்கேயும் இல்லை.

அரியலூரில் என் வாடகை வீட்டில் அப்பா என்னோடு இருக்கிறார். தடுக்கி விழுந்ததிலிருந்து அவருக்கு நடை சரியில்லை. நான் ஆபீஸ் கிளம்பும்போது வெளியே பூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. பூட்டைத் துணியில் சுற்றி, ஓசை வராமல் அழுத்துகிறேன். உடனே படியிறங்கப் பயமாக இருக்கும், கொஞ்ச நேரம் கதவில் காதை வைத்து நிற்பேன். உள்ளே அப்பா ஜெபமாலை தொடங்குவார். அம்மாவின் முதல் பாதி வரவேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பார். அது முடிகிற நேரம் ஆனதும் தன்னுடைய மறுபாதியை மட்டும் சொல்லுவார்.