அழகர் கொடுக்காத வரம்

அழகரை நம்பியிருக்கும் எல்லோருக்கும், சமயநல்லூரிலிருந்து செல்வி எழுதுகிறேன். கேட்கக் கூடாத ஒன்றைச் சாமியிடம் கேட்டவள் நான். அதை மறைத்துவிட்டு அவர் செய்த உதவியை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

போன வருஷம் ஆடியில் என் மாமியார் இறந்துபோனார். மாமனாருக்கு எழுபத்தாறு வயது, பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். சனிக்கிழமை தவறாமல் அழகர்கோவிலுக்குப் போய், மலையேறித் தீர்த்தமாடிவிட்டு வருவார். துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலைக்குப் போகக் கூடாது என்று என் வீட்டுக்காரரின் அத்தை சொன்னார். சரியென்று நிறுத்தினோம். அதோடு விடவில்லை. கல்யாண வீடு வேண்டாம், காதுகுத்து வேண்டாம் என்றோம். அவர் பால் வாங்கக் கிளம்பினால் நான் ஓடிப்போய்த் தூக்குவாளியைப் பிடுங்கிக்கொண்டு, நீங்க உக்காருங்க மாமா என்பேன். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். அவரும் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

முதலில் பேச்சு குறைந்தது. பிறகு குளியல், சவரம் எல்லாம் நின்றது. தை பிறந்தபோது ஒரு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. வயசானா அப்படித்தான் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மந்திரித்துத் திருநீறு பூசினோம், கயிறு கட்டினோம். என் வீட்டுக்காரருக்கு மில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். துணி மாற்றுவதும் கெஞ்சி ஊட்டுவதும் நான்தான். இடுப்பு விட்டுப்போனது. அதைவிட மனசு விட்டுப்போனது.

ஒருநாள் மத்தியானம் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எனக்குப் போடுற சோறு தண்டம் தாயி. நான் இருந்து என்ன ஆகப்போகுது?"

நான் அடுப்படிக்குப் போய்க் காலண்டரில் இருந்த அழகர் முன்னால் நின்றேன். பெருமாளே, அவரைக் கூட்டிக்கொள், இல்லையென்றால் என்னைக் கூட்டிக்கொள் என்று கேட்டேன். அழுகைகூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு.

மறுநாள் காலையில், வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வரும் நர்ஸம்மா வந்தார். மாதாமாதம் வருபவர்தான். அவர் கேட்பார், மாமாவுக்காக நான் பதில் சொல்வேன், எழுதிக்கொண்டு போவார். அன்றைக்கு மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கையமர்த்தினார்.

"அக்கா, நீங்க சொல்லாதீங்க. அய்யா சொல்லட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கம் வருகிறதா என்று அவரிடம் கேட்டார். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்றும் கேட்டார். பெரிய மனுஷரிடம் கேட்கிற கேள்வியா இது?

மாமா அழுதார். மாமியாரைத் தூக்கிய அன்றுகூட அழாத மனுஷர்.

"அவ போனதுலருந்து என்னைய ஒருத்தரும் எதுவும் கேக்கலம்மா."

இது வயசானதால் வந்தது இல்லை, மனச்சோர்வு என்கிற நோய், வைத்தியம் உண்டு என்றார் நர்ஸம்மா. அந்த வாரமே மதுரையில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை கொடுத்தார். குணம் தெரிய சில வாரம் ஆகும், அதுவரை தனியாக விடாதீர்கள், அவர் செய்துவந்ததை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுங்கள் என்றார். கோவிலுக்கும் போகலாமாம். அத்தை போனிலேயே சண்டைக்கு வந்தார். சாமி குத்தம் வந்தால் என் தலையில் வரட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை நானும் மாமாவும் பஸ் ஏறினோம். மிஷினில் டிக்கெட் போட இம்புட்டு நேரமா என்று கண்டக்டரைப் பார்த்து முணுமுணுத்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. மலையேறத் தெம்பில்லை, கீழேயே கும்பிட்டோம். திரும்பி வரும்போது, அடுப்படியில் நான் கேட்டதை அவரிடம் சொல்லிவிட்டேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"நானும் அதைத்தான் தாயி தெனமும் கேட்டேன். ரெண்டு பேரு கேட்டும் குடுக்கல பாரு."

இப்போது பால் வாங்குவது அவர்தான். சில நாள் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். மாத்திரை தொடர்கிறது. என் அலுப்பும் முழுசாகப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், நான் தூங்குகிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள், பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போக வெட்கப்படாதீர்கள். சாமியிடமும் கேளுங்கள். அலுப்பில் தப்பாகக் கேட்டுவிட்டாலும் பயப்பட வேண்டாம். எதைக் கொடுக்கக் கூடாது என்று அழகருக்குத் தெரியும்.