குரெந்த் என்றால் எந்தக் குரெந்த்

எங்கள் பிரைலா நகரத்தில் அதிகத் திருமணங்களை நடத்திவைத்தவர் பொம்பிலியு அண்ணன்தான். பாதிரியார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சேர்த்துவைத்ததெல்லாம் பேட்டரிகளை.

இரட்டைப் பேட்டரி போடுகிற வேப் கருவியை, அதாவது மின்சிகரெட்டை, யாராவது வாங்கினால், அண்ணன் அந்த இரண்டையும் உள்ளங்கையில் ஏந்தி, இரண்டின் முதுகிலும் ஒரே எழுத்தைப் பேனாவால் குறிப்பார். பிறகு வாங்கியவரை நிமிர்ந்து பார்ப்பார். "இனிமே இதுங்க ரெண்டும் புருஷன் பொண்டாட்டி. சேந்து சார்ஜ் ஏறணும், சேந்து இறங்கணும். ஒண்ணு போயிட்டா இன்னொண்ணுக்கு மறுகல்யாணம் கெடையாது." பழைய பேட்டரியோடு புதியதைக் கோத்தால் பலவீனமானது அளவுக்கு மீறி வடிந்து சூடேறும், சமயத்தில் தீயும் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஐம்பதைத் தாண்டியும் ஒற்றைப் பேட்டரியாகவே இருக்கிற ஒருவர் அதை இவ்வளவு உருக்கமாகச் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க எனக்கு நிறையப் பயிற்சி தேவைப்பட்டது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் 'பொன் மேகம்' கடையில் அவர் பின்னறையில் பழுது பார்ப்பார். நான் முன்னால் நின்று, கருவியில் ஊற்றிப் புகைக்கிற வாசனைத் திரவம் விற்பேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். ருமேனிய மொழியும் இலக்கியமும் படித்தேன். நான் மொழித்துறையில் வேலை பார்ப்பதாக அம்மா தேவாலயத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். அதுவும் பொய்யில்லை. ஸ்ட்ராபெரிக்கும் காட்டு ஸ்ட்ராபெரிக்கும் என்ன வித்தியாசம் என்று நாள் முழுக்க விளக்குவதற்கு மொழி வேண்டித்தானே இருக்கிறது. அண்ணன் என்னைப் 'பட்டதாரியம்மா' என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று எனக்கு இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல இடம் கொடுக்கவும் மாட்டார். செத்துவிட்டது என்று அழாத குறையாக நீட்டுகிற கருவிகளில் பாதி, பொத்தான் பையில் அழுந்தித் தானாகப் பூட்டிக்கொண்டவை. அவற்றை அவர் உடனே திறந்து கொடுக்க மாட்டார். பின்னறைக்கு எடுத்துப் போய், காபியைக் குடித்து முடித்துவிட்டு, களைத்த முகத்தோடு திரும்பி வருவார். திரவத்தைச் சூடாக்குகிற 'காயில்' சுருளைக் காணோம் என்று கருவியின் திரை கூப்பாடு போட்டால், திரவம் கசிந்து பிசுபிசுத்த முனையை மருத்துவ ஸ்பிரிட்டால் துடைத்து, அமுங்கிப்போன நடு ஊசியைக் குண்டூசியால் அரை மயிரிழை தூக்கிவிடுவார். மேல்தோல் கிழிந்த பேட்டரியை யாராவது சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்தால், அந்த ஆளைத் தற்கொலைக்கு முயன்றவரைப் போலப் பார்த்து, பேட்டரிக்குப் புதுத் தோல் போட்டுத் தருவார். எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த சார்ஜர்ல போடுறீங்க?" பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும் என்பார்.

இத்தனை தெரிந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே பயம், காற்று. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பயம் கொஞ்சம் உண்டு. எதிரெதிரே இரண்டு சன்னல்களைத் திறந்துவைத்தால் நடுவே ஒரு காற்று ஓடும். அது கழுத்தைப் பிடிக்கும், காதைக் குடையும், வாயைக் கோணவைக்கும். அதற்கு எங்கள் பெயர் குரெந்த். கம்பிக்குள் ஓடி விளக்கை எரியவைப்பதற்கும் அதே பெயர்தான். ஒரு சொல்லை வைத்தே இரண்டு ஆபத்தையும் சமாளித்துவிட்ட சிக்கனமான மொழி எங்களுடையது. கம்பிக்குள் ஓடுவதை அண்ணன் வெறுங்கையால் தடவிக்கொடுப்பார். சன்னல் வழியே வருவதைக் கண்டால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு காதில் பஞ்சை அடைப்பார். நடுக்கோடையில், ஈயம் பற்றவைக்கும் புகைக்குள், மூடிய சன்னலுக்குப் பின்னால் வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருப்பதைத்தான் அவர் ஆரோக்கியம் என்று நம்பினார்.

அக்லாயா மேடம் பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவர். கணவரிடமிருந்து விவாகரத்து வாங்கியவர். கூண்டு மாதிரி ஒரு சிறிய அறை, முன்னால் கண்ணாடியில் ஒரு துளை, பின்னால் ஒரு கதவு. கலாட்சுக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்பவரிடம், சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதா என்று முகம் மாறாமல் கேட்பார். அந்தக் குரலில்தான் அண்ணன் விழுந்தார் என்று பேருந்து ஓட்டுநர் ஃபானிகா சொல்வான். டான்யூப் கரையில் இருக்கும் மீன் உணவகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேடத்தை அழைத்துப் போக வேண்டும். அண்ணனின் ஆசை அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும், ஃபானிகாவுக்குத் தெரியும், கலாட்சு வண்டியில் தினமும் போகிறவர்களுக்கும் தெரியும். மேடத்துக்குத் தெரியுமா என்பதில்தான் சந்தேகம். மேடத்தின் எதிரில் அண்ணனுக்கு வானிலையைத் தவிர வேறு எதுவும் வாயில் வராது.

பெண்கள் தினம் வந்தது. நகரத்து ஆண்கள் எல்லோரும் டூலிப் பூவோடு அலைந்தார்கள். அண்ணன் மேடத்தின் வேப் கருவிக்கு ஒரு சார்ஜர் வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுச் சந்தையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து விற்கிறவனிடம் வாங்கியது, பொன்னிறம், ரிப்பன் கட்டிய பெட்டியில். பூ வாடிவிடும், இது வாடாது என்று எனக்கு விளக்கம் வேறு. எல்லோர் வீட்டுச் சார்ஜரையும் திறந்து பார்த்துத் திட்டுகிறவர், இதை மட்டும் திறந்து பார்க்கவில்லை. ரிப்பனை எப்படி அவிழ்ப்பது?

ஒரு வாரம் போயிருக்கும். அக்லாயா மேடம் கடைக்கு வந்து எஃகு உடம்பும் எஃகு வாய்க்குழலும் கொண்ட தன் கருவியை மேசைமேல் வைத்தார்.

"பொம்பிலியு சார், நான் இழுத்தா என்னை குரெந்த் இழுக்குது. உதட்டுலேர்ந்து இப்படியே கன்னம் வரைக்கும்."

அண்ணனின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வானிலை மட்டுமே பேச வருகிறவரிடம் வானிலையே நடந்து வந்திருக்கிறது. கருவியைச் சும்மா ஒருமுறை திறந்தார். முனை சுத்தம், பேட்டரித் தோல் சுத்தம், எண்களும் சரி. எந்தச் சார்ஜர் என்று மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும், அவர் கொடுத்ததுதானே. அடுத்த அரைமணி நேரம் கூண்டின் துளைக்கும் பின்கதவுக்கும் நடுவே காற்று எப்படி ஓடும், கன்னத்து நரம்பை எப்படிப் பிடிக்கும், தன் அத்தை மகனுக்கு வாய் எப்படிக் கோணிப்போனது என்று விளக்கினார். கடைசியில் தன் கழுத்திலிருந்த கம்பளித் துண்டைக் கழற்றி மேடத்திடம் கொடுத்தார். அந்தத் துண்டு இல்லாமல் அவர் கழுத்தை நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லுக்குப் பல பொருள் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள். எனக்கும் காற்று என்றுதான் கேட்டது.

வாசலில் நின்று அண்ணன் எப்படியோ ஞாயிற்றுக்கிழமை மீன் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டார். மேடம் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "மொதல்ல இந்த குரெந்த் நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

இது போதாதா. மறுநாளே அண்ணன் பஞ்சுப்பட்டையும் பசையும் எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனார். பின்கதவின் இடுக்கெல்லாம் அடைத்தார். குரெந்த் நிற்கவில்லை. கண்ணாடித் துளைக்கு ஒரு மூடி செய்து மாட்டினார். குரெந்த் நிற்கவில்லை. மூடியின் ஓரங்களுக்கும் பட்டை ஒட்டினார். அதற்குள் மேடம் விடும் புகை வெளியேற வழியில்லாமல் கூண்டு ஒரு பால்புட்டி மாதிரி ஆகிவிட்டது. சீட்டு வாங்க வந்தவர்கள் வெள்ளை மேகத்தைப் பார்த்துக் கண்ணாடியைத் தட்டினார்கள். உள்ளிருந்து ஒரு குரல், சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னது. அக்லாயாவைப் புனிதராக்கிவிட்டார்கள், மேகத்துக்குள்ளிருந்துதான் பேசுகிறார் என்று ஃபானிகா கடைக்கு வந்து சொன்னான். அண்ணன் சிரிக்கவில்லை. சாவித்துவாரத்தை மறந்துவிட்டேனே என்றார்.

சாவித்துவாரத்தை அடைக்கப் போன நாளில் பட்டைச் சுருளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். உள்ளே மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டும். அண்ணன் துவாரத்தை அடைத்துவிட்டுத் தன் கடைசிச் சோதனையைச் செய்தார். தன் கருவியிலிருந்து ஒரு வாய்ப் புகையை மெல்ல விட்டார். அது அசையாமல் நேராக மேலே போய்க் கூரையில் படிந்தது. நகரத்திலேயே காற்று நுழையாத ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன், கல்லறைத் தோட்டத்தைச் சேர்த்தாலும்.

"பாத்தீங்களா மேடம். செத்த காத்து. இனிமே குரெந்துக்கு வழியே இல்ல."

அக்லாயா மேடம் கருவியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். அதன் வாலில் பொன்னிறச் சார்ஜரின் கம்பி தொங்கியது. செருப்பைக் கழற்றிய மேடத்தின் கால், வழக்கம்போல, குளிருக்காகச் சுவரோரம் ஓடும் இரும்பு வெப்பக் குழாயின்மேல் இருந்தது. உதடு ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது.

"இழுக்குது."

"இருக்கவே முடியாது."

"அப்ப நீங்களே இழுத்துப் பாருங்க, சார்."

மேடம் வாய்க்குழலைத் துடைக்காமலே நீட்டினார். அண்ணன் தொப்பியைச் சரிசெய்தார். மீசையை ஒதுக்கி, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். விழாமல் இருக்க ஒரு கையால் வெப்பக் குழாயைப் பிடித்துக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டு இழுத்தார். கண்ணை மூடியதையாவது தவிர்த்திருக்கலாம்.

மீசை முதலில் துடித்தது. பிறகு வலது கன்னம். கண் திறந்தபோது அவர் பார்வை எங்கள் இருவரையும் தாண்டிக் கம்பி வழியே ஊர்ந்து சுவருக்குப் போய், பொன்னிறச் சார்ஜரில் நின்றது. புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். வெப்பக் குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை இழுத்தார். ஒன்றுமில்லை. குழாயைத் தொட்டு இழுத்தார். மீசை துடித்தது. சார்ஜரிலிருந்து கசிகிற மின்சாரம் உதட்டில் ஏறி, உடம்பு வழியாக இரும்புக் குழாயில் இறங்குகிறது. அதற்குமேல் அவருக்குச் சோதனை தேவைப்படவில்லை. கடையில் அந்தக் கருவியைக் கம்பி இல்லாமல், குழாயில் கால் வைக்காமல் பார்த்தால் என்ன தெரியும்?

சார்ஜரைப் பிடுங்கி, சட்டைப்பையிலிருந்த திருப்புளியால் அங்கேயே நெம்பினார். மின்சாரம் வருகிற பக்கத்துக்கும் கருவிக்குப் போகிற பக்கத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய தடுப்பு பெயரளவுக்குத்தான் இருந்தது. இரண்டையும் இணைக்கிற இடத்தில், தாங்கக்கூடிய நல்ல உறுப்புக்குப் பதிலாக எதையோ மலிவாக வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் உதடு துடிப்பதோடு நின்றிருக்காது. இதை அண்ணன் எனக்கும் விளக்கவில்லை, மேடத்துக்கும் விளக்கவில்லை. அவர் முகம் போன போக்கே போதுமானதாக இருந்தது.

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு வழி திறந்திருந்தது, அது எனக்கும் தெரிந்தது. நிலையத்தின் வயரிங் பழசு என்று சொன்னால் போதும். யார் மறுக்கப் போகிறார்கள்? நான் மறுத்திருப்பேனா என்று இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மீன் அப்படியே தட்டில் வந்து உட்காரும். அவர் சுவரைப் பார்த்தார், கையில் பிளந்துகிடந்த பொன்னிறச் சார்ஜரைப் பார்த்தார்.

"சார்ஜர்தான் மேடம். நான் குடுத்தது."

வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். மேடம் திரும்பவில்லை.

"நான் மொத நாளே குரெந்த்னுதானே சொன்னேன்."

"சொன்னீங்க."

"எந்த குரெந்த்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? துண்டைக் குடுத்தீங்க, கதவை ஒட்டினீங்க, சாவித்துவாரம் வரைக்கும் அடைச்சீங்க. வாயைத் திறந்து கேக்கல."

அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வழுக்கை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மேடம் எழுந்து கண்ணாடித் துளையின் மூடியைப் பட்டையோடு சேர்த்து ஒரே இழுப்பில் பிய்த்தார். பிறகு பின்கதவைக் காலால் தள்ளித் திறந்தார். அத்தனை நாள் மேகமும் ஒரு மூச்சில் வெளியே போனது. சீட்டுக்காக நின்றிருந்த ஒரு கிழவர் இருமினார். கூண்டுக்கு நடுவே அசல் குரெந்த் ஓடியது, காகிதங்கள் பறந்தன. அண்ணன் அதன் நட்டநடுவில், தொப்பியும் துண்டும் இல்லாமல் நின்றார். நகரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரேன்" என்றார் மேடம். "ஆத்தைப் பாத்த மேசை. ரெண்டு பக்கமும் சன்னல் திறந்திருக்கணும். மூடச் சொன்னீங்கன்னா எழுந்து வந்துருவேன்."

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று ஃபானிகா ஒரு கதை சொல்கிறான். அவன் அங்கே இல்லாததால் எல்லா விவரமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மீன் சூப்பைவிட அண்ணன் வேகமாக ஆறிப்போனாராம், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லையாம், காதில் பஞ்சும் இல்லையாம். எனக்குத் தெரிந்தது திங்கட்கிழமை மட்டும்தான். அண்ணனுடைய கழுத்து இடது பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. உடம்பையே திருப்பித்தான் அவரால் மல்டிமீட்டரைப் பார்க்க முடிந்தது. காற்றுக்குக் கழுத்தைப் பிடிக்கிற சக்தியெல்லாம் கிடையாது, மூடநம்பிக்கை என்று நான் பல்கலைக்கழகத்தில் வாதாடியிருக்கிறேன். அந்தக் கழுத்தைப் பார்த்த பிறகு வாதத்தை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறும் அதே மேசைதானாம்.

அன்று முதலில் வந்த வாடிக்கையாளர் அண்ணன் நின்ற கோணத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, குரெந்த் பிடிச்சுதா?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

அண்ணன் உடம்போடு அவர் பக்கம் திரும்பினார்.

"எந்த குரெந்த்தைக் கேக்குறீங்க?"