சக்கரம்மாவின் சனிக்கிழமைப் படம்

பிப்ரவரி 29: பதிவு 9, கொடுத்த பெட்டி 118.
மார்ச் 31: பதிவு 62, கொடுத்த பெட்டி 97.
ஏப்ரல் 30: பதிவு 51, கொடுத்த பெட்டி 81.
மே 31: பதிவு 4, கொடுத்த பெட்டி 126.

என் மருமகளின் பெட்டி ரிப்பேர் கடைக் கணக்கு இது. கடைக்காகப் போனில் அவள் வைத்திருக்கும் பக்கத்தில் போட்ட படங்களைப் பதிவு என்று குறித்திருக்கிறேன். கொடுத்த பெட்டி என்றால் சரிசெய்து உரியவர் கையில் ஒப்படைத்தது. மே மாதம் விடுமுறைக் காலம் என்பதால் 126-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. போன வருடம் அதே மாதத்தில் 122.

பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, எட்டடிக்குப் பத்தடி அறைதான் கடை. பதினோரு வருடம் ஒரு பை ஃபேக்டரியில் ஜிப் வைத்துக்கொண்டிருந்தவள், அது மூடியபோது அவர்களிடமே ஒரு பழைய ரிவெட் மெஷினை வாங்கி வந்து இங்கே உட்கார்ந்தாள். சக்கரத்தைக் காதருகே வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, போய்விட்டது பேரிங்கா அச்சா என்று சொல்லிவிடுவாள். தெருவில் அவளுக்குச் சக்கரம்மா என்று பெயர். லாரி ஓட்டும் என் மகன்கூட தன் போனில் அவளை அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறான்.

ஒரு வேலை முடிந்ததும் அன்றைய தேதி எழுதிய சீட்டைக் கைப்பிடியில் கட்டுவாள். கட்டிய கையோடு போனை எடுப்பாள். "வாங்க, உங்க பெட்டி நடக்குது." இத்தனை வருடத்தில் இந்த வழக்கம் மாறியதில்லை. வாடிக்கையாளர்களும் அதை நம்பி, பெட்டியைக் கொடுத்துவிட்டு அதை மறந்துவிட்டுப் போவார்கள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு பெட்டிக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. அவள் கைக்கு வருவதில் பாதி அந்தக் கம்பெனிப் பெட்டிகள். ஜூலை முதல் அவற்றின் சக்கரங்களையும் பூட்டுகளையும் வெளியில் விற்கமாட்டார்களாம். ஊருக்கு ஒரு கடையைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் பெயர்ப் போர்டு கொடுத்து, அந்தக் கடைக்கு மட்டும் அனுப்புவார்களாம். மூன்று மாதம் கவனித்து ஜூனில் முடிவு. கவனிக்கப்படுபவற்றில் ஒன்று, கடையின் பக்கம் துடிப்பாக இயங்குகிறதா என்பது. போட்டிக்கு மாலில் இருக்கும் ஒரு கடை. சக்கரம் வராவிட்டால் அவள் வேலையில் பாதி போய்விடும்.

விளம்பர அலுவலகத்தில் வேலை செய்யும் அவள் தங்கை அன்று மாலையே வந்துவிட்டாள்.

"தினம் ரெண்டு போஸ்ட்க்கா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அப்பதான் ஜனங்க மறக்கமாட்டாங்க."

"பெட்டி உடைஞ்சா தானா ஞாபகம் வரும்டி."

"வரும். உன் ஞாபகம் வரணுமே! மால்காரன் ஞாபகம் வந்துட்டா?"

மருமகள் இதற்கு ஒப்புக்கொண்டாள். மார்ச் முதல் தேதி ஆரம்பித்தாள்.

தங்கை சொன்னது வீண் என்று சொல்லமாட்டேன். பக்கத்தைப் பார்த்து வந்ததாகச் சொன்ன புது ஆட்கள் இரண்டு மாதத்தில் பதினேழு பேர். ஆனால் படம் எடுக்கும்படியான வெளிச்சம் அந்த அறையில் காலை பத்திலிருந்து பதினொன்று வரைதான். அவள் செய்கிற வேலையில் பாதி கண்ணுக்குத் தெரியாது. உள்துணி தைத்ததையும் ஜிப் ஓடுவதையும் படமெடுத்தால் யார் பார்ப்பார்கள்? அதனால் பார்வையாக இருந்த பெட்டிகளை, இது நாளைக்கு, அது மறுநாளைக்கு என்று வரிசையில் வைத்தாள். படம் போட்ட பிறகே உரியவரைக் கூப்பிட்டாள். அப்படிச் செய்யவேண்டும் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. தானாகவே அப்படி ஆகிவிட்டது.

"ஏன் மாமா குறையுது?" என்று ஏப்ரலில் கேட்டாள். சரக்கு தாமதமாக வருவதால் இருக்கும் என்றேன். அதுவல்ல.

வெளிநாட்டில் வேலை கிடைத்த ஒரு நர்ஸ் நீலப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வியாழக்கிழமை விமானம். செவ்வாய்க்கிழமையே நான்கு புதுச் சக்கரமும் ஏறிவிட்டது. பளிச்சென்ற நிறம். ஆனால் புதனுக்கும் வியாழனுக்கும் வேறு படங்கள் தயாராக இருந்ததால் அது வெள்ளிக்கு என்று ஒதுங்கிவிட்டது. வரிசையைப் பார்த்தவள் பயணத் தேதியைப் பார்க்கவில்லை. அவசரமென்றால் அந்தப் பெண்ணே போன் செய்வாள் என்று நினைத்தாள். வேலை முடிந்தால் சக்கரம்மா கூப்பிடுவாள் என்று அந்தப் பெண் காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை படம் போட்ட அரைமணியில் அதற்குக் கீழே நர்ஸின் அம்மா எழுதினார்: "இது என் பொண்ணு பெட்டி. சீட்டுல செவ்வாய்க்கிழமைத் தேதி தெரியுது. புதன்கிழமை வரைக்கும் உங்க போனுக்குக் காத்திருந்தா. வேற பெட்டி வாங்கிட்டுப் போயிட்டா."

தங்கை உடனே போனில் வந்தாள். "டெலீட் பண்ணுக்கா, கம்பெனிக்காரங்க பார்ப்பாங்க!"

"பார்க்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? ரெண்டு மாசமா நாயா உழைச்சிருக்கோம்."

"எடுத்துட்டா அந்தம்மா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்டி."

படத்தை நீக்காமல் அதற்குக் கீழேயே பதில் எழுதினாள். தப்பு என்னுது, படத்துக்காக வச்சிட்டேன், மன்னிச்சிடுங்க. பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு, பெட்டியோடு பஸ் ஏறிப் போனாள். அந்த அம்மா வாசலிலேயே பெட்டியை வாங்கி, தரையில் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாராம். "நல்லாத்தான் ஓடுது. இனிமே யாருக்கு?" என்றாராம். உள்ளே கூப்பிடவில்லை.

அன்று மாலை பதிவு எதுவும் போடவில்லை. மறுநாளும் இல்லை. ஞாயிறன்று தங்கை சண்டைக்கு வந்தாள்.

"சரி, எத்தனை நாளைக்கு ஒண்ணு போடறதா உத்தேசம்?"

"தினமும் புதுசா சொல்ல என்கிட்ட என்னடி இருக்கு? எந்தப் பெட்டி ரெடி, அது ஒண்ணுதான். அதை வாரம் ஒரு தடவை சொன்னா போதும். போன் மட்டும் அன்னன்னைக்கே."

"வாரம் ஒண்ணா? அதுக்குப் பேரு பக்கம் இல்லக்கா, பூட்டின கடை."

"இருக்கட்டும். காபி குடிக்கறியா, இல்ல கோபமாவே கிளம்பறியா?"

"குடிச்சிட்டுக் கோபமா போறேன்."

மே நான்காம் தேதி, சனிக்கிழமை, போன் செய்தும் வாங்கிப் போக ஆள் வராத பெட்டிகள் இருக்கும் அலமாரியை மொத்தமாக ஒரே படம் எடுத்துப் போட்டாள். "இவங்க நடக்க ரெடி. கூட்டிட்டுப் போகத்தான் ஆளைக் காணோம்." கீழே ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். டேய், அந்தப் பச்சை உன்னுதுதானே, நாலு மாசமாவா அங்க விட்டு வச்சிருக்கே? அடுத்த சனிக்குள் அலமாரியில் பாதி காலி. அந்த மாதம் முழுக்க அதே மாதிரி சனிக்கிழமைக்கு ஒரு படம்தான்.

ஜூன் மூன்றாம் தேதி கம்பெனியின் இரண்டாவது கடிதம் வந்தது. மே மாதப் பதிவுகள் மிகக் குறைவு, இது முடிவைப் பாதிக்கலாம் என்று இருந்தது. மடித்து வைத்துவிட்டு, "போச்சு போலிருக்கு மாமா" என்றாள். பிறகு பாதியில் விட்ட பூட்டை எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் முப்பது வயதுக்காரர் ஒருவர் இரண்டு கையிலும் பெட்டியோடு வந்து நின்றார்.

"நான்தாங்க உங்க எதிரி. மால் கடை."

"உட்காருங்க எதிரி. ஸ்டூல் ஆடும், பார்த்து."

"உங்க சனிக்கிழமைப் படத்தைப் பார்த்துட்டுத்தான் வரேன். நான் தினம் மூணு போடறேன், வேலை குவியுது, செஞ்சு முடிக்கத்தான் ஆள் இல்லை. வச்ச ஆள் ரிவெட் ஆணியை வெளியிலிருந்து உள்ளே அடிச்சிட்டு, உள்துணி கிழியுது சார்ங்கறான்."

பெட்டியைத் திறந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள். "கிழியாம என்ன செய்யும்? செவ்வாய்க்கிழமை வாங்க. ஆனா ஜூலையிலேருந்து கொண்டு வராதீங்க."

"ஏன்?"

"போர்டு உங்களுக்கு வந்துட்டா சக்கரமும் உங்களுக்குத்தான். நான் எதை மாட்டறது?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நான் கம்பெனிக்கு எழுதறேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

கடைசிக் கடிதம் ஒரே பக்கம். தொடர்ந்து பதிவிடுவதால் போர்டு மால் கடைக்கு. அந்தக் கடை எழுத்தில் கேட்டுக்கொண்டதால், பெரிய ரிப்பேர்களை மருமகள் செய்யலாம். சக்கரங்களும் பூட்டுகளும் அவள் பெயருக்கே நேராக வரும்.

"போர்டு போச்சேக்கா" என்றாள் தங்கை.

"மாட்ட இடம் எங்கடி இருக்கு? சக்கரம் வருது, அது போதும்" என்று சொல்லி, கடிதத்தை என்னிடம் கொடுத்தாள். மேல் ஓரத்தில் வந்த தேதியைக் குறித்தேன்: ஜூன் 19, புதன்கிழமை.