குரல் போன மைக் டீச்சர்

இரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைக். அவர் வாயைத் திறந்தால் மாடியில் நடக்கும் கணக்குப் பாடம்கூடத் தடுமாறும். அப்படிப்பட்ட குரல் ஒரு திங்கட்கிழமை காலை, குட் மார்னிங் சொல்லப் போன இடத்தில் வெறும் காற்றாக வந்தது.

"குரல் நரம்புல தடிப்பு வந்திருக்கு. ஒரு மாசம் பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூடக் கூடாது" என்றார் டாக்டர்.

லீவு எடுக்கச் சொன்னார் தலைமையாசிரியை. மைக் மாட்டேன் என்று தலையாட்டினார். நெடில் ஓசைப் பாடம் பாதியில் நின்றது. அதோடு, சும்மா உட்கார்வது என்பது அவர் ஜாதகத்திலேயே இல்லை.

முதல் நாள் 'கிட்' (kit) என்ற சொல்லைப் போர்டில் எழுதி, கடைசியில் ஒரு ஈ (e) சேர்த்தார். வாயே திறக்காத ஈதான். ஆனால் அது வந்து உட்கார்ந்தால் நடுவில் இருக்கும் ஐ தன் முழுப் பெயரைச் சொல்லும். கிட் கைட் ஆகிவிடும். போன வாரம் வகுப்பே கூரை அதிரச் சொன்ன பாடம். இன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்து 'ரெயின்' (rain) எழுதி, முன் பெஞ்சுத் தையல்காரர் மகளைப் பார்த்துக் குச்சியை நீட்டினார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லும் பெண் அவள். அவளோ போர்டைப் பார்க்காமல் டீச்சரின் உதட்டையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"முதல்ல நீங்க சொல்லுங்க டீச்சர். அப்புறம் நான் சொல்றேன்."

மைக் நீட்டிய குச்சியை இறக்கினார். இத்தனை நாளும் பிள்ளைகள் படிக்கவில்லை; அவருக்குப் பின்பாட்டுத்தான் பாடியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி எழுத்து அட்டைகள் செய்தார். எலக்ட்ரீஷியன் கணவர் பசை தடவிக் கொடுத்தார்.

"ஏயும் ஐயும் எதுக்கு ஒரே அட்டையில?"

மைக் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'ஜோடி. முதலாவது பேசும். இரண்டாவது பேசாது.'

"அட, இத்தனை வருஷமா நான்தான் அந்தப் பேசாத 'ஐ'யா!" என்றார் கணவர். மைக் பசைக் கையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

மறுநாள் மைக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். உதட்டைப் பார்க்க வழியில்லை. தையல்காரர் மகள் அட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்து, "ர்... ஏய்... ன்" என்று முனகினாள். திரும்பவும் ஒருமுறை. பிறகு மெதுவாக, "ரெயின்" என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து யாரும் கேட்டதில்லை. மைக் கை தட்டினார். அதற்கு டாக்டர் தடை போடவில்லையே.

குரல் திரும்பி வந்தபோது கரகரவென்றுதான் வந்தது. பழைய முழக்கம் போயே போய்விட்டது. கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக் கொஞ்சம் அழுதார். ஆனாலும் வகுப்பில் எந்தச் சொல்லையும் பிள்ளைகளுக்கு முன்னால் அவர் சொல்வதில்லை.

ஒரு நாள் தையல்காரர் மகள் கதைப் புத்தகத்தோடு வந்து, அதில் 'said' என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினாள். "ஏ-ஐ வந்தா ஏய் தானே டீச்சர்? இதை 'செயிட்'னு படிச்சேன். அக்கா 'செட்'னு சொல்லிச் சிரிக்கிறா."

"அக்கா சொன்னதுதான் சரி. அந்தச் சொல் ஒரு அடங்காப்பிடாரி. எந்த விதிக்கும் கட்டுப்படாது."

"அப்ப தப்பு என்னோடதா, அதோடதா?"

மைக் யோசித்தார். "அதோடதுதான்."

அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்தாள்.