குறைந்துபோன மூன்று இன்ச்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் இருந்தோம். என் வீட்டுக்காரர் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆறடி உயரம். வாலிபத்தில் மாவட்ட வாலிபால் டீமில் ஆடியவர். பிள்ளைகள் கொஞ்சம் கூன் போட்டு நின்றாலே முதுகில் ஒரு தட்டு தட்டி நிமிர்த்திவிடுவார். அந்த உயரத்தில் அவருக்கு அவ்வளவு பெருமை.

ரிட்டயர் ஆன சில வருஷத்தில் அவருடைய பேன்ட் எல்லாம் தரையில் இழுபட ஆரம்பித்தது. துணி தொங்கிவிட்டது என்றார். மடித்துத் தைத்துக் கொடுத்தேன். மறுபடியும் இழுபட்டது. ஒரு கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கும்போது என் கொழுந்தனார் சத்தமாகவே, "என்னா அண்ணி, அண்ணனை உங்க உசரத்துக்கே கொண்டாந்துட்டீங்க!" என்றார். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் எந்த போட்டோவிலும் அவர் என் பக்கத்தில் நின்றதில்லை. நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிடுவார்.

கிரிவலம் போனால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை நின்று மலையைப் பார்த்துக் கும்பிடுவார். பக்தி ஜாஸ்தியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதால்தான் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவே இல்லை.

வேங்கிக்காலில் ஒரு ஸ்கூலில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். கண் பார்க்கலாம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் அவரைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தார். இவர் சொன்ன ஆறடிக்கு மூன்று இன்ச் கம்மி.

"உங்க ஸ்கேல் தப்பும்மா. எத்தனை பசங்களை அளந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று இவர் சண்டைக்கே போய்விட்டார்.

டாக்டர் கோபப்படவில்லை. நடக்கும்போது கால் வலிக்குமா, சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டு, குனிந்து அவர் பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"முதுகெலும்பு நசுங்கித்தான் உயரம் குறையுதும்மா. இப்படிக் குறையறவங்கள்ல சில பேருக்கு ரத்தக்குழாயும் இறுகிப்போய் இருக்கும். எல்லாருக்கும்னு சொல்லல. ஆனா இவருக்குக் கால்ல நாடியே சரியா கிடைக்கல. பிரஷரும் ஜாஸ்தி. தள்ளிப்போடாம வேலூர் கூட்டிட்டுப் போய் பாத்துடுங்க. சிகரெட்டை இன்னிக்கே விட்டாகணும்."

வீட்டுக்கு வந்ததும், "ஊரு பூரா என்னைக் குட்டைன்னு சொல்ல வெச்சுட்ட இல்ல?" என்று என் மேல் எரிந்து விழுந்தார். சென்னையில் இருந்த மகனுக்கு போன் போட்டேன். "வயசானா எல்லாரும் சுருங்கத்தாம்மா செய்வாங்க. கேம்ப்ல அப்படித்தான் பயமுறுத்துவாங்க. அப்பாவைத் தொந்தரவு பண்ணாத" என்றான். கொழுந்தனாரோ என்னை 'டாக்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். நானும் விடவில்லை. கெஞ்சினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஒரு தடவை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தார். வேலூர் பஸ் கிளம்பும் நேரத்தில் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், நேராக வீட்டுக்கே போய்விட்டார்.

அடுத்த வருஷம் ஒரு பௌர்ணமி சாயங்காலம். காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சு வரவில்லை. வெளியே ரோடு முழுக்க கிரிவலக் கூட்டம். எப்படியோ ஒரு ஆட்டோ பிடித்து ஏற்றினோம். அது நகரவே இல்லை. நடந்து போன ஒரு அம்மா ஆட்டோவுக்குள் கையை நீட்டி அவர் நெற்றியில் விபூதி பூசி, "அண்ணாமலையார் பாத்துப்பாரும்மா" என்றார். நல்ல மனசுதான். எனக்கு அப்போது வழிதான் வேண்டியிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர், "முன்னாடியே ஏதாச்சும் தொந்தரவு இருந்துச்சா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், சென்னையிலிருந்து ஓடி வந்திருந்த மகன் முந்திக்கொண்டான். "இல்ல சார், நல்லாத்தான் இருந்தாரு. திடீர்னுதான்."

அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

நினைவு திரும்பாமலே ஒரு வாரத்துக்குள் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் கொழுந்தனார் வாசலில் நின்று, "கல்லு மாதிரி இருந்தாரு, திடீர்னு போயிட்டாரு" என்று சொல்லி அழுதுகொண்டிருந்தார். தாங்க முடியாமல் உள்ளே இருந்து, "திடீர்னு இல்ல!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு, "அழுதுடும்மா, மனசுல வெச்சுக்காத" என்றாள். துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

மகன் இன்றைக்கும் என்னைப் பாசமாகத்தான் பார்த்துக்கொள்கிறான். ஆஸ்பத்திரியில் அவன் சொன்னதைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதே இல்லை. அவரை நோய் கொண்டுபோனது என்பதைக்கூட என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. நான் சொன்னதைக் காதில் வாங்காத எல்லோரும் சேர்ந்து அந்தச் சாவுக்குத் 'திடீர்' என்று பேர் வைத்ததைத்தான் இத்தனை வருஷமாகியும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.