துண்டுக்கடியில் பேசி முடித்த ஆறு நாள்: திண்டுக்கல்லில் இருந்து குஜிலியம்பாறைக்கு

இரண்டாயிரத்து நாலாம் வருடம், மாசி மாதம், ஒரு புதன்கிழமை. ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்து இடம் இரண்டு மாதமாகக் காலியாக இருந்ததால்தான் இந்தப் பயணம் போனேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மகள் ஸ்டெல்லா தட்டுகிறாள். நேரமும் தூரமும் என் தலையில் இருந்து வந்தவை.

நாற்பது வருடம் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவன் நான். வாய்தான் பிழைப்பு. மனைவி போனதும் அந்த வாய் அடைத்துக்கொண்டது. எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். ஸ்டெல்லாதான் விடாப்பிடியாக மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் செவ்வாய்தோறும் பார்ப்பார். எனக்கு மாதம் ஒரு செவ்வாய். அதே செவ்வாயில் பக்கத்தில் வந்து உட்காருவார் மாரப்பன், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி விவசாயி.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு."

எங்கள் பேச்சு இவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகவே எழுந்து குளித்துச் சட்டை மாட்டிய நாட்கள் எனக்கு உண்டு. எனக்கு மனது மெல்ல மெல்லத் தெளிந்தது. ஆனால் அவரைக் காணோம். மாத்திரையை விட்டுவிட்டால் மறுபடி எங்கே போய் விழுவோம் என்பது விழுந்தவனுக்குத் தெரியும். டோக்கன் வாங்கும்போது அவர் சொன்ன ஊர்ப்பெயர் நினைவில் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் 'கரூர் வண்டி' என்று மட்டும் கேட்டு ஏறாதீர்கள். நான் அப்படித்தான் ஏறினேன்.

"பெருசு, இது வேடசந்தூர் வழி. போர்டைப் பாக்கலையா?" என்றார் கண்டக்டர்.

"பாத்தேன் அப்பு. அது எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டு, எரியோடு வழி வண்டியைக் கைகாட்டினார். ஏழு நாற்பதுக்கு எடுத்தார்கள். டிக்கெட் பதினோரு ரூபாய். எட்டு ஐம்பத்தைந்துக்குக் குஜிலியம்பாறை. அங்கிருந்து மாரப்பன் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் நடை. இரண்டே இடத்தில்தான் நிழல்.

அவருக்குப் பக்கத்து வீட்டுக் காளியம்மாள்தான் வழிகாட்டினார். "அவரு மகன் திருப்பூருல. நான் சோறு வச்சா எடுத்துக்கிருவாரு. ஆனா ஒரு வார்த்தை கெடையாது. நீங்களாச்சும் பேசிப் பாருங்கய்யா."

பேசினேன். அதுதான் தப்பு. மனதைத் தளர விடாதே, மாத்திரையை நிறுத்தாதே என்று அரைமணி நேரம். நான் படுத்துக் கிடந்தபோது வந்தவர்களெல்லாம் எனக்கு எதைச் சொன்னார்களோ, எதைக் கேட்டால் போர்வையை இழுத்து மூடுவேனோ அதையேதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாரப்பன் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சரி, கிளம்பலாம் என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து வியர்வையைத் துடைத்தேன். துடைக்கும்போது, தலையைத் திருப்பிப் பார்த்த அவர் கண் அந்தத் துண்டின் மேல் நின்றது. விவசாயி அல்லவா, அவரும் சந்தையில் மாடு வாங்கி விற்றிருப்பாரே!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சந்தையில் விலையை வாயால் பேசமாட்டோம். துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடிப்போம். ஒரு விரல் ஒன்று, முழுக்கையும் ஐந்து. பிடித்துப் பேசி முடித்ததை யாரும் மாற்றக்கூடாது. மாற்றினால் அடுத்த சந்தையில் அவனிடம் ஒருவரும் கை நீட்டமாட்டார்கள்.

கட்டிலில் உட்கார்ந்து, அவர் கையின்மேல் துண்டைப் போட்டேன். "டாக்டரப் பாக்க எத்தனை நாள்ல வாரே?"

துண்டுக்கடியில் அவர் கை மெல்லத் திரும்பியது. பிறகு என் கையை முழுதாக மூன்று முறை அழுத்தினார். பதினைந்து.

"அநியாயமால்ல இருக்கு!" என்று நான் மூன்று விரலைப் பிடித்தேன். எனக்கு வேண்டியது ஆறு. அடுத்த செவ்வாய்க்கு ஆறு நாள்தான். அவர் பத்துக்கு இறங்கினார். நான் ஐந்துக்கு ஏறினேன். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு," என்றார் வாய்விட்டு. குரல் கரகரத்தது. "அதுக்குக் கீழ கட்டாதுய்யா."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. தரகு எம்புட்டு?"

"ஒரு காப்பி."

வாசலில் நின்ற காளியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா, நான் பார்க்கவில்லை.

அடுத்த செவ்வாய் எட்டு மணிக்கே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது ஆனது, பத்து ஆனது. பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு வைத்து, உட்கார வந்தவர்களிடமெல்லாம் "ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே சந்தேகம்தான். பத்து இருபதுக்குத் துண்டை யாரோ எடுத்தார்கள்.

"வந்தாச்சா?" என்றார் மாரப்பன்.

அதன்பின் பெஞ்சில் யாருடைய இடமாவது காலியானால் இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம். அகரம், ஒட்டன்சத்திரம் வரைக்கும் போயிருக்கிறோம். எல்லாக் கதவும் திறக்கவில்லை. திறக்காத வீட்டுக்கு இரண்டாவது முறையும் போயிருக்கிறோம். எட்டு மாதம் நான் சுவரைப் பார்த்துக் கிடந்தது வீண் என்று இப்போது தோன்றவில்லை. அந்தச் சுவர் தெரிந்ததால்தான் அடுத்தவர் வீட்டில் சத்தமில்லாமல் உட்கார வருகிறது.

போகிறவர்கள் எரியோடு வழி வண்டிதானா என்று கேட்டு ஏறுங்கள். திரும்ப மத்தியானம் பன்னிரண்டரைக்கு வண்டி இருந்தது; இப்போது மாறியிருக்கலாம். தண்ணீர் கொண்டுபோங்கள். புத்திமதி கொண்டுபோகாதீர்கள். பார்க்கப் போகும் ஆள் என்ன தொழில் செய்தவர் என்று மட்டும் முன்னமே விசாரித்துக்கொள்ளுங்கள்.